பொடியாகத் தரமாட்டேன்

அண்ணாச்சி அன்றைய செய்தித்தாளை மேசைமேல் விரித்துப் படித்துக்கொண்டிருந்தார். கெமிஸ்ட் உள்ளே வந்து, கையிலிருந்த கண்ணாடி ஜாடியை, அவர் படித்துக்கொண்டிருந்த பத்தியின் மேலேயே வைத்தார். ஜாடிக்குள் கொம்புத்தேன் நிறத்தில் ஒரு திரவம். எங்கள் மை கம்பெனியில் முதலாளியின் மேசையில் யாரும் எதையும் அப்படிக் கொண்டுபோய் வைத்ததில்லை. என்ன சொல்லப்போகிறாரோ என்று நான் கதவோரம் நின்றேன். "இதுக்குள்ள பாத்து மிச்சத்தப் படிங்க சார்" என்றார் கெமிஸ்ட். அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்தார். ஜாடிக்கு அடியில் இருந்த எழுத்துகள் ஒன்றுவிடாமல் தெரிந்தன. ஒரு முழு வரியை வாய்விட்டே படித்துவிட்டு, இது என்ன சரக்கு என்று கேட்டார். "துரு சார். இரும்புத் துரு. ஆகாது ஆகாதுன்னு எல்லாரும் சொன்னது இதத்தான்" என்றார் கெமிஸ்ட். அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. இரண்டு வருடம் அவரைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கெல்லாம் சேர்த்துப் பதில் சொல்வதுபோல நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தார்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. சிவகாசியில் ஆஃப்செட் அச்சகங்களுக்கு மை காய்ச்சிக் கொடுக்கும் நடுத்தரக் கம்பெனி எங்களுடையது. அண்ணாச்சி எனக்குத் தூரத்துச் சொந்தம். அந்தச் சொந்தத்தில்தான் எனக்கு சூப்பர்வைசர் வேலை. மையின் கெட்டியையும் நிறத்தையும் சோதிக்க ஒரு ஆள் வேண்டும் என்று விளம்பரம் கொடுத்தபோது வந்தவர்தான் கெமிஸ்ட். எம். புதுப்பட்டிப் பெண். அவருடைய பெற்றோர் காட்டுவேலைக்குப் போனவர்கள். மழை பொய்த்துக் கிணறுகள் வற்றியபிறகு ஊரோடு சேர்ந்து பட்டாசு செய்யும் வெடி ஆபீசுக்குப் போனார்கள். இருவரும் சீக்கிரமே இறந்துபோக, எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட அக்கா அந்த இடத்தில் உட்கார்ந்தார். காகிதக் குழாய்களுக்குள் வெடிமருந்து செலுத்துவது அக்காவின் வேலை. அந்த வேலையில்தான் தங்கையை விருதுநகரில் எம்.எஸ்சி. வேதியியல் வரை படிக்கவைத்தார். நேர்காணலின்போது, வெடி ஆபீஸ் ஊர்ப் பிள்ளைக்கு மை கம்பெனியில் என்ன தெரியும் என்று அண்ணாச்சி விளையாட்டாகத்தான் கேட்டார். அவர் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வரும் அக்காவின் விரல்களைப் பார்த்தே அன்றைக்கு ஆபீசில் எந்த உப்பு, எந்த நிறம் என்று தன்னால் சொல்லமுடியும் என்றும், நிறம் படிக்க அதைவிடப் பெரிய பள்ளிக்கூடம் தனக்குத் தெரியாது என்றும் சொன்னார். அண்ணாச்சி அதற்குமேல் ஒன்றும் கேட்காமல் வேலை கொடுத்தார்.

அந்தக் காலத்தில் எங்களுக்கு ஒரு பெரிய தலைவலி இருந்தது. சாமிப்படக் காலண்டர்களில் கிரீடமும் நகையும் தங்கமாய் மின்னவேண்டும். வெள்ளிபோலப் பளபளக்கும் தாளின்மேல் கண்ணாடி மாதிரியான ஒரு மஞ்சள்பழுப்பு மையை ஏற்றினால், அடியிலிருக்கும் வெள்ளி ஊடுருவி வந்து தங்கமாகத் தெரியும். அந்த மை வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்தது. இங்கே கிடைத்த இரும்புத் துருவை நாங்கள் எவ்வளவு அரைத்தாலும் செம்மண் குழம்பாகத்தான் இருந்தது. தாளில் ஏற்றினால் வெள்ளியை மூடிவிடும். வெளிச்சம் தடைபடாமல் உள்ளே புகுந்து போகிற அளவுக்குத் துகள் சிறியதாக இருக்கவேண்டும், அப்படிப்பட்ட துகளை அரைத்து எடுக்கமுடியாது, பிறக்கும்போதே சிறியதாகப் பிறக்கவைக்க வேண்டும் என்று கெமிஸ்ட் ஒருநாள் சாப்பாட்டு வேளையில் சொன்னார். எனக்குப் புரியவில்லை. அவர் தன் டிபன் பாக்ஸ் மூடியில் கொஞ்சம் எண்ணெய் விட்டு, அதில் தண்ணீரைத் தெளித்து, துளிகள் உருண்டு நிற்பதைக் காட்டினார்.

எண்ணெயில் தண்ணீர் கலக்காது. ஆனால் சரியான சோப்புச் சரக்கைச் சரியான அளவில் சேர்த்தால், தண்ணீர் கண்ணுக்கே தெரியாத கோடிக்கணக்கான துளிகளாகப் பிரிந்து எண்ணெய் முழுக்க நிற்கும். ஒரு பாத்திரத்தில், துளிகளுக்குள் இரும்பு உப்பு. இன்னொரு பாத்திரத்தில், துளிகளுக்குள் அம்மோனியா. இரண்டையும் ஒன்றாக விட்டால் துளிகள் ஒன்றோடொன்று மோதி, உள்ளே இருப்பதை மாற்றிக்கொள்ளும். துரு அந்தத் துளிக்குள்ளேயே பிறக்கும். துளிக்குமேல் வளர அதற்கு இடமில்லை. இதை அவர் எனக்குச் சொன்ன விதம் எங்கள் ஊர்க்காரர் ஒருவருக்குத்தான் வரும். "வெடி ஆபீசுல தனித்தனி ரூமா ஏன் கட்டியிருக்காக? ஒரு ரூமுக்குள்ள இம்புட்டுச் சரக்குத்தான், இத்தன ஆளுதான்னு ஏன் வச்சிருக்காக? அதேதான் அண்ணே. ஒவ்வொரு துளியும் ஒரு ரூமு."

இரண்டு வருடம் அந்தத் துளிகள் அவருக்கு அடங்கவில்லை. கலவை சரியாக அமைந்தால் தெளிந்து நிற்கும், தவறினால் பால்போல வெளுத்துவிடும். காலையில் தெளிந்திருந்தது, வெயில் ஏறி எங்கள் தகரக் கூரை கொதிக்கத் தொடங்கியதும் வெளுத்துப்போகும். சித்திரை, வைகாசி மாதங்களில் எதுவுமே நிற்கவில்லை. சென்னையிலிருந்து வந்திருந்த ஒரு ஆலோசகர், இதெல்லாம் ஆராய்ச்சிக்கூடத்துச் சோதனைக்குழாயில் செய்துபார்த்து மகிழ வேண்டிய விஷயம், கரண்டியளவு துருவுக்குப் பீப்பாய் எண்ணெய் செலவாகும், தொழிற்சாலைக்கு ஆகாது என்று அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டுப் போனார். கெமிஸ்ட் அதைக் கேட்டபடியே ஜாடிகளைக் கழுவிக்கொண்டிருந்தார். மறுநாள் அண்ணாச்சியிடம் போய், கம்பெனியில் ஏசி இருக்கிற ஒரே அறை உங்களுடையதுதான், என் டிரம்மை அங்கே வைக்கவேண்டும் என்று கேட்டார். கணக்குப் பார்க்கிற பெரியவர் பதறிப்போனார். அண்ணாச்சி என்ன நினைத்தாரோ, சரி என்றார். ஒரு மாதம் முழுக்க அவர் அறையில் அம்மோனியா நாற்றம். பார்க்க வருகிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசினார்கள். அந்த ஒரு மாதத்தில்தான் கெமிஸ்ட், ஏசியைக் கூட்டிக் குறைத்துப் பார்த்து, எது வெயிலைத் தாங்கும், எது தாங்காது என்று கண்டுபிடித்து, கடைசியில் தகரக் கூரைக்கடியிலும் தெளிந்து நிற்கிற ஒரு சேர்மானத்துக்கு வந்து சேர்ந்தார்.

ஆலோசகர் சொன்ன எண்ணெய்க் கணக்குக்கும் அவரிடம் ஒரு விடை இருந்தது. எல்லோரும் துகளை எண்ணெயிலிருந்து பிரித்து, கழுவி, காயவைத்துப் பொடியாக எடுக்கத்தான் பார்த்தார்கள். காய்ந்ததும் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். பட்ட பாடு பாதி வீணாகும். நாம் ஏன் பிரிக்கவேண்டும் என்று அவர் கேட்டார். மை காய்ச்சுகிற எண்ணெயிலேயே துளிகளை உண்டாக்கினால், தண்ணீரை மட்டும் இழுத்துவிட்டு, துரு எண்ணெயிலேயே இருக்க, அப்படியே மைக்கு அடிப்படையான வார்னிஷில் சேர்த்துவிடலாம். எண்ணெயும் வீணில்லை, பொடியும் இல்லை. அப்படி வந்ததுதான் அண்ணாச்சியின் மேசையில் உட்கார்ந்த ஜாடி. அதற்குப் பிறகும் அச்சு மிஷின் எங்களை விட்டுவைக்கவில்லை. முதல் தடவை ஓட்டியபோது மிச்சமிருந்த சோப்பு, மிஷினில் ஓடும் தண்ணீரோடு சேர்ந்து தாள் முழுக்க மஞ்சளாய் இழுகிவிட்டது. மிஷின்காரர் ரோலரைத் துடைத்துக்கொண்டே திட்டினார். கெமிஸ்ட் அழுக்கான தாள்களில் ஒரு கத்தையை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். நாலு மாதம் கழித்து, வார்னிஷோடு ஒத்துப்போகிற வேறொரு சோப்போடு திரும்பி வந்தார். அன்றைக்கு மிஷினிலிருந்து வந்து விழுந்த முதல் தாளில் முருகனின் வேல் தங்கமாய்க் கிடந்தது. மிஷின்காரர் அந்தத் தாளை மடிக்காமல் தனியே எடுத்து வைத்துக்கொண்டார்.

இத்தோடு முடிந்திருந்தால் இது ஒரு வெற்றிக் கதை. முடியவில்லை.

அண்ணாச்சியின் மைத்துனர் எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு வெடி ஆபீஸ் நடத்திவந்தார். கெமிஸ்டின் அக்கா வேலைபார்த்தது அங்கேதான். மை நன்றாக ஓடத்தொடங்கிய சில மாதத்தில் அந்த மைத்துனர் எங்கள் கம்பெனிக்கு அடிக்கடி வர ஆரம்பித்தார். இவ்வளவு நுண்ணிய துரு மருந்தில் சேர்ந்தால் அது வேகமாகப் பற்றும், குறைந்த மருந்தில் பெரிய சத்தம் கிடைக்கும் என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அவருக்கு மை வேண்டாம். அதே துருவைக் காயவைத்துப் பொடியாகத் தரவேண்டும். தீபாவளி சீசனுக்கு முன்னால் வேண்டும். அண்ணாச்சி தயங்கினார் என்றுதான் சொல்லவேண்டும். ஆனால் மைத்துனர் சும்மா விடுகிறவர் இல்லை. ஒருநாள் அவர்கள் இருவரும் இருக்கும்போது கெமிஸ்டை அறைக்குக் கூப்பிட்டார்கள். ஏதோ காகிதத்தில் கையெழுத்து வாங்கப்போன நானும் அங்கேயே நின்றுவிட்டேன்.

கெமிஸ்ட் நிதானமாகத்தான் சொன்னார். அரைத்த பொடியைப் போலவோ சலித்த பொடியைப் போலவோ இது நடந்துகொள்ளாது. துகள் சின்னதாக ஆக, உரசலுக்கும் சூட்டுக்கும் அது எப்படி மறுமொழி சொல்லும் என்று யாரும் அளந்து பார்க்கவில்லை. அளந்து பார்க்கிற கருவியும் நம்மிடம் இல்லை. கையால் மருந்து செலுத்துகிற இடத்துக்கு இதை அனுப்பக்கூடாது. மைத்துனர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, உன் அக்காவை நினைத்துத்தானே பயப்படுகிறாய், நாளைக்கே அவரை பேக்கிங் பக்கம் மாற்றிவிடுகிறேன், போதுமா என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார் என்றே நினைக்கிறேன்.

"எங்கக்கா எடத்துல வேற ஒருத்தி வந்து உக்காருவா சார். அவளும் யாருக்காவது அக்காதான்" என்றார் கெமிஸ்ட். "மையாக் கேளுங்க, எம்புட்டு வேணாலும் தாறேன். பொடியாத் தர மாட்டேன்."

இப்போது நான் எழுதவேண்டியது என்னைப் பற்றியது. அந்த வாரமே அண்ணாச்சி என்னைத் தனியே கூப்பிட்டார். இரண்டு வருடம் கெமிஸ்ட் பக்கத்தில் நின்று பார்த்த உனக்குத் தெரியாததா, சும்மா ஒரு டின் காயவைத்துக் கொடு, மச்சான் சோதித்துப் பார்த்துக்கொள்ளட்டும் என்றார். நான் மறுக்கவில்லை. மறுக்கலாம் என்பதே எனக்குத் தோன்றவில்லை. சொந்தக்காரர் கொடுத்த வேலை, அவர் கேட்டதைச் செய்வது வழக்கம், அவ்வளவுதான். கெமிஸ்ட் விடுப்பில் இருந்த ஒரு நாளில், அவருடைய ஓவன் அடுப்பிலேயே, அவருடைய தட்டுகளிலேயே காயவைத்தேன். செங்கல்தூள் நிறத்தில், ஊதினால் பறக்கிற பொடி. மூடி போட்டு, டேப் ஒட்டி, மைத்துனர் அனுப்பிய ஆளிடம் கொடுத்தேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். ரேகைகளில் இருந்த சிவப்பு மட்டும் போகவில்லை.

மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கு முன்னாலேயே கெமிஸ்ட் வந்துவிட்டார். அடுப்பின் கதவு இடுக்கில் படிந்திருந்த தூசியை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு நேராக என்னிடம் வந்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அந்த விரலை என் முகத்துக்கு நேரே காட்டி, "எம்புட்டுக் குடுத்தீக?" என்று மட்டும் கேட்டார். ஒரு டின் என்றேன். எப்போது என்று கேட்டார். முந்தாநாள் என்றேன். சோதித்துப் பார்த்துவிட்டார்களா என்று கேட்டார். நேற்று கொஞ்சமாகக் கலந்து திறந்த வெளியில் வெடித்துப் பார்த்தார்கள், சத்தம் நன்றாக இருந்ததாம், இன்றைக்கு மொத்த மருந்திலும் கலக்கப்போகிறார்களாம் என்றேன். சொல்லச் சொல்லத்தான் நான் செய்தது எனக்கே விளங்கியது. "வண்டிய எடுங்கண்ணே" என்றார்.

அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு சிவகாசியிலிருந்து எம். புதுப்பட்டிக்குக் கிளம்பினேன். வழியில் மன்னிப்பு மாதிரி ஏதோ சொல்லத் தொடங்கினேன். ரோட்டைப் பார்த்து ஓட்டச் சொன்னார். வெடி ஆபீஸ் கேட்டுக்கு வெளியே, வேப்பமரத்தடியில், பெண்கள் தூக்குவாளிகளோடு உள்ளே போகக் காத்திருந்தார்கள். அவருடைய அக்காவை நான் அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்த்தேன். ஒல்லியான உடம்பு. நகக்கண்களில் போகாத வெள்ளிச் சாம்பல். தங்கை வேலைநேரத்தில் இங்கே வந்து நிற்பதைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. கெமிஸ்ட் அக்காவைத் தனியே கூட்டிப்போகவில்லை. எல்லோரும் கேட்கும்படி நின்று, இன்றைக்கு மருந்தில் புதிதாக ஒரு பொடி சேர்க்கப்போகிறார்கள், அதைச் செய்யும் வழியைக் கண்டுபிடித்தது நான்தான் என்றார். காயவைத்துக் கொடுத்தது யார் என்று அவர் சொல்லவில்லை. நான் அவருக்கு ரெண்டடி பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

ஒனக்கு வேலை போயிரும் புள்ள, பேசாம போ என்றார் அக்கா முதலில். போனால் போகட்டும் என்றார் தங்கை. அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "அந்தப் பொடியப் போட்டா என்ன ஆவும்னு மட்டும் சொல்லு."

"எனக்குத் தெரியாதுக்கா."

"தெரியாதா?"

"எப்பப் புடிக்கும், எதுக்குப் புடிக்கும்னு தெரியாது. செஞ்சவளுக்கே தெரியாது."

அக்கா தூக்குவாளியைக் கீழே வைத்தார். வேப்பமரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்தார். யாரையும் கூப்பிடவில்லை. பக்கத்தில் நின்ற பெண் ஒரு நொடி தயங்கிவிட்டு உட்கார்ந்தார். அப்புறம் இன்னொருவர். உள்ளே வரச்சொல்லி மணி அடித்தது. கேட்டுக்குள் ஒருவரும் போகவில்லை. சீசன் வேலை உச்சத்தில் இருந்த நேரம். ஒருநாள் வேலை நின்றால் லோடு போகாது என்பது அங்கே உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் தெரியும்.

அரைமணி நேரத்தில் மைத்துனரின் கார் புழுதியோடு வந்து நின்றது. இறங்கியவர் முதலில் பெண்களைப் பார்த்தார், பிறகு கெமிஸ்டைப் பார்த்தார். ஆளாளுக்கு வந்து எனக்குக் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுக்கிறீர்களா என்று சத்தம்போட்டார். அக்கா எழுந்திருக்கவில்லை. குரலையும் உயர்த்தவில்லை. "நாங்க ஒண்ணும் சொல்லல மொதலாளி. உக்காந்திருக்கோம்" என்றார். இரண்டு பேரை வேலையைவிட்டு நிறுத்துவேன் என்றார் மைத்துனர், நாலு பேரை என்றார். வெயில் மரத்தடிக்கு வந்துகொண்டிருந்தது. அப்போது உள்ளேயிருந்து ஃபோர்மேன் நடந்து வந்தார். அன்றைக்கு மருந்து கலக்கவேண்டியவர் அவர். கையில் நான் டேப் ஒட்டி அனுப்பிய டின். கார் பானெட்டின்மேல் அதைப் பதனமாக வைத்துவிட்டு, பெண்களுக்குக் கொஞ்சம் தள்ளிப் போய் அவரும் உட்கார்ந்தார். மைத்துனர் டின்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, எடுத்துக்கொண்டு போய்த் தொலை என்றார். கெமிஸ்ட் டின்னை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு என் வண்டியில் ஏறினார். திரும்பி வருகிற வழி முழுக்க நான் பள்ளத்துக்குப் பள்ளம் பயந்துகொண்டே ஓட்டினேன். மருந்தோடு சேராமல் தனியாக இருக்கும்போது இது வெறும் துரு, பயப்படாதீர்கள் என்று கடைசியில் அவர்தான் சொன்னார்.

கம்பெனிக்குச் செய்தி எங்களுக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. அண்ணாச்சி வாசலில் நின்றார். கெமிஸ்ட் அவரைத் தாண்டி நேராக மிக்சர் இருந்த கொட்டகைக்குப் போனார். பொடியாக்குவதற்கென்று அண்ணாச்சி தனியே எடுத்துவைக்கச் சொல்லியிருந்த சரக்கு இரண்டு டிரம் அங்கே இருந்தது. இரண்டையும் வார்னிஷில் கவிழ்த்தார். கொண்டுவந்த டின்னையும் பிரித்து அதிலேயே கொட்டினார். அது கட்டிதட்டிய பொடி, மையைக் கலங்கடிக்கும், அந்த மை எதற்கும் உதவாது என்று அவருக்குத் தெரியும். தெரிந்தே கொட்டினார். மோட்டாரைப் போட்டார். அண்ணாச்சி கொட்டகை வாசலுக்கு வந்து, என்ன செய்துகொண்டிருக்கிறாய் என்று கேட்டார். "மை செய்றேன் சார். மை செய்யத்தான என்னைய எடுத்தீக."

அவரை அன்றைக்கே வேலையைவிட்டு அனுப்பினார்கள். நோட்டைக் கேட்டார் அண்ணாச்சி. கெமிஸ்ட் தயங்காமல் கொடுத்தார். மை வரும்வரை எல்லாம் இதில் இருக்கிறது, எது வெயிலில் நிற்கும், எது நிற்காது என்பதுகூட இருக்கிறது, கம்பெனிக்குச் சேரவேண்டியதை நான் மறைக்கமாட்டேன், காயவைக்கிற பக்கம் மட்டும் கிடையாது, அதை நான் எழுதவில்லை என்றார். பையை எடுத்துக்கொண்டு, எல்லோரும் பார்க்கக் கொட்டகையின் குறுக்கே நடந்து வாசல் வழியாகப் போனார். சாத்தூர் பஸ் நிற்கும் திருப்பம்வரை அந்த நடை ஒரே சீராக இருந்ததை நான் பார்த்தேன்.

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். அவர் என்ன கேட்கப்போகிறார் என்று தெரியும். தெரியாது என்று ஒரு பொய் சொல்லிவிடலாம் என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அதுதான் எனக்கு லேசான வழி. ஆனால், உனக்கு அந்த வேலை தெரியுமில்லையா என்று அவர் கேட்டபோது வாயில் வேறொன்று வந்தது. "தெரியும் அண்ணாச்சி. செய்ய மாட்டேன்." மறுநாள் முதல் எனக்கு லாரிகளில் லோடு ஏற்றும் குடோனில் வேலை. மூன்று வருடம் அங்கே இருந்தேன். அந்த மூன்று வருடத்தில் கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்கள் என் பக்கத்து நாற்காலியில் உட்காராமல் தள்ளிப்போனார்கள். எனக்கு அது பெரிதாகப் படவில்லை. இது பெருமைக்காகச் சொல்வதில்லை. ஒரு டின் காயவைத்துக் கொடுத்தவன் நான். அதற்குமுன் இதெல்லாம் சின்னது.

ஊரில் அவரைப் பற்றிப் பேசினார்கள். ஒன்றுமே நடக்காத விஷயத்துக்காக நல்ல வேலையைக் கெடுத்துக்கொண்டார் என்றார்கள். நடக்காத விபத்துக்கு யாரும் சாட்சி சொல்லமுடியாது. அன்றைக்கு மரத்தடியில் உட்கார்ந்திருந்த பெண்கள் மறுநாளும் அதற்கு மறுநாளும் தூக்குவாளியோடு வீடு திரும்பினார்கள் என்பது செய்தியாக எந்தப் பத்திரிகையிலும் வராது. ஒருவேளை அந்தப் பொடியால் எதுவும் ஆகாமலே இருந்திருக்கலாம், அதுவும் உண்மைதான். அப்படிச் சொல்கிறவர்களிடம் நான் இப்போதும் ஒன்றுதான் கேட்கிறேன்: ஆகுமா ஆகாதா என்று கண்டுபிடிக்க யாருடைய கையை எடுத்துக்கொள்வதாக இருந்தீர்கள்?

கெமிஸ்ட் காரியாபட்டிப் பக்கம் ஒரு பழைய பருத்திக் குடோனை வாடகைக்குப் பிடித்தார். முதல் வருடம் ஒரே ஒரு டிரம், ஒரே ஒரு மோட்டார். அக்காவை வெடி ஆபீசில் வேலையைவிட்டு நிறுத்திவிட்டிருந்தார்கள். அவரும் அங்கே வந்தார். மை தயாரிப்பில் ஆரம்பித்து, பிறகு மரச்சாமான்களுக்குப் பூசும் சாயம், வண்டிப் பெயிண்டுக்கான நிறம் என்று ஒவ்வொன்றாக வந்தன. எல்லாமே எண்ணெயில் நின்ற துகள், எதுவும் பொடி இல்லை. எங்கள் அண்ணாச்சியே கடைசியில் அவரிடம் மை வாங்கினார். ஆர்டரைக் கையோடு எடுத்துக்கொண்டு அவரே நேரில் போனதாகவும், இருவரும் பழையதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை என்றும், காப்பி மட்டும் குடித்துவிட்டு வந்ததாகவும் பின்னாளில் அண்ணாச்சியே என்னிடம் சொன்னார்.

போன வருடம் மகள் கல்யாணப் பத்திரிகை வைக்கக் காரியாபட்டிக்குப் போயிருந்தேன். இப்போது அது பெரிய கொட்டகை. இருபது பேருக்குமேல் வேலைசெய்கிறார்கள். பாதிப்பேர் வெடி ஆபீசிலிருந்து வந்த பெண்கள். வாசலில் லாரி நின்றுகொண்டிருந்தது. சரக்கு வாங்க வந்த கம்பெனி ஆள் கையிலிருந்த போனில் நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று, வாசம் சரியில்லை என்று உள்ளே ஒரு குரல் கேட்டது, மோட்டார் நின்றது. கெமிஸ்ட் என்னிடம் பேசிக்கொண்டிருந்தவர் எழுந்துகூடப் பார்க்கவில்லை. வாசம் சரியில்லை என்று யாரோ நிறுத்தியிருக்கிறார்கள், இன்றைக்கு லோடு இல்லை, நாளைக்கு வாங்க என்று அந்த ஆளிடம் சொல்லிவிட்டு, மாப்பிள்ளைக்கு எந்த ஊர் என்று என்னைக் கேட்டார். சரிபார்க்கக்கூட வேண்டாமா என்று அந்த ஆள் கேட்டதற்கு, நிறுத்துகிற உரிமை இங்கே எல்லோருக்கும் உண்டு, சரிபார்ப்பது நிறுத்தினபிறகுதான் என்றார் கெமிஸ்ட். அந்த ஆளுக்குக் கோபம் வந்துவிட்டது. சிவகாசியில் அச்சகம் காத்துக்கிடக்கிறது, யார் சொல்லி நிறுத்தினார்கள் என்று கொட்டகையைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டார்.

டிரம்முக்குப் பக்கத்திலிருந்து ஒரு பெண் முன்னால் வந்தார். நாற்பது வயதிருக்கும். வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது என்று பிறகு தெரிந்துகொண்டேன். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அந்த ஆளை நேராகப் பார்த்தார்.

"நான்தான் சொன்னேன்" என்றார்.